சட்டுனுவும் பட்டுனுவும்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே. மருந்துக்கடைப் போனில் பேசினால் கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார், அதனால்தான் கடிதம்.

உங்கள் டிரேட்மார்க் ஆபீஸிலிருந்து தபால் வந்தது. நம் பஞ்சர் பசையின் பெயரைப் பதிந்து கொடுங்கள் என்று மனுப் போட்டுப் பதினாலு மாதம் கழித்து ‘ஆய்வு அறிக்கை’யாம். இரண்டு ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது, ‘சட்டுனு’ என்பது பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வேகமாகக் காய்வதைச் சொல்லும் வார்த்தை, அதை ஒருவருக்கு மட்டும் தர முடியாது. அதை எழுதியவர் ஒரு தடவையாவது பஞ்சர் ஒட்டியிருப்பாரா? நம் சரக்கு காய ஐந்து நிமிஷம் ஊதவேண்டும். அந்தப் பெயர் வந்த கதையே வேறு. ஒன்பது வருஷத்துக்கு முன் லேபிள் அடிக்கப் போனபோது அச்சகக்காரர், “மெஷின் ஓடிட்டிருக்கு, சட்டுனு ஒரு பேர் சொல்லுங்க” என்று அவசரப்படுத்தினார். நான் முழித்தேன். உன் அத்தான், “அதையே போடுங்க” என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்சேபம், ‘பட்டுனு’ என்று ஒரு கம்பெனியின் பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதாம், கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கிறதாம். யார் இந்தப் பட்டுனு? நான் இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. நீ அந்த ஆபீஸிலேயே ஆய்வாளராக உட்கார்ந்திருக்கிறாய். கொஞ்சம் விசாரித்து எழுது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். முட்டிக்குப் புது எண்ணெய் தேய்க்கிறார்கள், குறைந்திருக்கிறது.

உன் மனு வந்த அன்றே, இது என் அக்காவுடையது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் அந்தக் கோப்பு என் மேஜைக்கு வராது. யார் மேஜையில் இருக்கிறது என்று நான் கேட்பதும் தவறு. கோபித்துக்கொள்ளாதே.

பொதுவாக வெளியாருக்கு என்ன சொல்வேனோ அதை உனக்கும் சொல்கிறேன். சரக்கின் குணத்தைச் சொல்லும் வார்த்தையை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்க மாட்டார்கள், நாளைக்கு மற்றவர்களுக்கும் அது தேவைப்படும். ஆனால் கடைக்காரர்கள் அந்த வார்த்தையை உன் சரக்கின் பெயராகவே சொல்லிக் கேட்கிறார்கள் என்று காட்டினால் கதை வேறு. ஒரு மாதத்துக்குள் பதில் போய்ச் சேரவேண்டும். ஒன்பது வருஷமாக விற்பதை எழுது. அச்சகக் கதையையும் எழுது, சுருக்கமாக.

வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்கவேண்டும்.

பதில் அனுப்பினோம், நேரில் வரச்சொன்னார்கள், வந்தேன். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்து காலையில் உன் வீட்டுக் கதவைத் தட்டினால் அம்மா மட்டும் இருந்தாள். நீ முந்தின நாள்தான் ஆபீஸ் வேலையாக வெளியூர் போனாயாம். நான் வரும் தேதி உனக்கு ஒரு மாதமாகத் தெரியும். சரி, வேலை என்றால் போகத்தான் வேண்டும்.

விசாரித்த அதிகாரி பெண்மணி நல்ல மாதிரி. டியூபை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இதைக் கடையில எப்படிக் கேப்பாங்க?” என்றார். “சட்டுனு குடுன்னு கேப்பாங்க” என்றேன். சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷமாக விற்கிறேன் என்றதையும் குறித்துக்கொண்டார்.

பட்டுனுவைப் பற்றிப் போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன். நீ பக்கம் பக்கமாக எழுதி அதை மட்டும் விட்டுவிட்டாய். மறந்திருப்பாய். அது எப்போது பதிவானது, யாருடையது, எழுது.

அக்கா


மார்ச் 27

அன்பு அக்காவுக்கு,

நலம். வந்தபோது இல்லாமல் போனதற்கு வருத்தம். தவிர்க்க முடியவில்லை.

உன் பெயரை ஏற்றுக்கொண்டார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். மகிழ்ச்சி. ஆனால் இதோடு முடியவில்லை. அடுத்த மாதம் எங்கள் ஆபீஸ் இதழில் அதை வெளியிடுவார்கள். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஊரில் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஒருவரும் வராவிட்டால் சான்றிதழ் வந்துவிடும்.

கோடையில் அம்மாவை அங்கே அனுப்பட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார்கள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா நலம்தானே?

சுவரில் நாட்காட்டியைக் கிழித்துக் கிழித்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பட்டுனு கம்பெனிக்காரர்கள் எதிர்ப்பு மனுப் போட்டுவிட்டார்கள். அது என்ன அவ்வளவு நாள் தூங்கிவிட்டுக் கடைசியில் எழுந்திருப்பது? வக்கீல் சொல்கிறார், அவர்கள் வழக்கமே அதுதானாம்.

நாற்பத்து மூன்று பக்கம் வந்திருக்கிறது. அவர்களுடைய பெயரைப் பார்த்து நான் ஆசைப்பட்டு, ஒரு எழுத்தை மாற்றி, மக்களை ஏமாற்றக் கிளம்பினேனாம். தம்பி, அவர்கள் பதிந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. நான் ரப்பரைத் துண்டு போட்டு டிரம்மில் ஊறவைத்துத் துடுப்பால் கிண்டிக் கிண்டி வலது தோள் இறங்கிப்போய் ஒன்பது வருஷம். படிக்கப் படிக்க, என் வீட்டுக்குள் வந்து என்னையே யாரென்று கேட்கிற மாதிரி இருக்கிறது. உன் அத்தான் வெளியே போய் டிரம்மைக் கழுவினார். அது கழுவின டிரம்தான்.

இப்போது என்ன செய்யவேண்டும்? உடனே எழுது.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்பு அக்காவுக்கு,

அம்மா நலம். எழுதாததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை, வேலைதான்.

கவனமாகக் கேள். எதிர்ப்பின் நகல் உன் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எதிர் அறிக்கை போடவேண்டும். ஒரு நாள் தவறினாலும் நீயே மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். யாராலும் காப்பாற்ற முடியாது. அதன்பின் சான்றுகள். அவர்களுக்கு முன்பே நீ விற்றாய் என்பதற்குத் தேதியோடு எழுத்து வேண்டும். உன் பில் புத்தகங்கள் இல்லையென்றால் கடைக்காரர்களிடம் போ. பழைய லேபிள், போட்டோ, பெயர்ப்பலகை, எது கிடைத்தாலும் சரி.

அவர்கள் இணைத்திருக்கும் தாள்களை எல்லாம் நீ உட்கார்ந்து படித்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது வக்கீல் பார்க்கவேண்டியது. அவரிடம் கொடுத்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 16

தம்பிக்கு,

சுகம்.

நீ சொன்னபடி கடை கடையாக ஏறி இறங்கினேன். பில்லை யார் வைத்திருக்கிறார்கள்? ஒருவர் எலி தின்றுவிட்டது என்றார். ஒருவர் கடையையே மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், மகனுக்கு என்னைத் தெரியவில்லை. இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்து அன்பாகப் பேசினார், கையெழுத்து என்றதும் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தவர் நான் கிளம்பும்வரை தேடினார். ஒன்பது வருஷம் மூட்டை மூட்டையாக விற்ற சரக்கு, விற்றதற்கு ஒரு தடம் இல்லை. வெயிலில் நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன்.

கடைசியில் ரயில்வே கேட் பக்கத்தில் நாங்கள் ‘வால்வு’ என்று கூப்பிடுகிற சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய் ஷட்டரைக் கீழே இழுத்தார். “இங்கே சட்டுனு கிடைக்கும்” என்று சிவப்பில் எழுதியிருந்தது, உன் அத்தான் பெயிண்டரை அழைத்துப்போய் எழுதவைத்தது. மூலையில் பெயிண்டர் தன் பேரையும் தேதியையும் போட்டிருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. “பகல்ல ஷட்டர் மேல இருக்கும், ராத்திரி யாரும் பாக்க மாட்டாங்க. எழுதினதே வேஸ்ட்டுன்னு நெனச்சேன்” என்றார். போட்டோ எடுத்தாயிற்று, பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் போட்டார்கள்.

நீ வேண்டாம் என்று சொன்னதால்தான் அந்த நாற்பத்து மூன்று பக்கத்தையும் படித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் பட்டுனுவின் பழைய ஆய்வு அறிக்கை இருக்கிறது. ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதி ஆய்வாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொள்ள நீ என் ஸ்கூல் நோட்டுகளைப் பாழாக்கினாய்.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெயரைப் பார்த்தபோது உனக்கு என் ஞாபகம் வந்ததா, இல்லையா?

அக்கா


அக்டோபர் 20

தம்பிக்கு,

எதிர் அறிக்கை கெடுவுக்கு நாலு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. மற்றதற்குப் பதில் எழுதாவிட்டால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா


நவம்பர் 30

அன்பு அக்காவுக்கு,

அம்மா நலம். நான் எழுத உட்கார்ந்து ஆறு முறை கிழித்துப் போட்டேன்.

வரவில்லை அக்கா. அந்தக் கோப்பைப் பார்த்தபோது உன் ஞாபகம் வரவில்லை. அன்று மேஜையில் பத்துப் பன்னிரண்டு மனுக்கள். பதிவேட்டில் அதுபோன்ற பெயர் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பதிவாகாத பெயரைத் தேடும் வேலை எனக்கு இல்லை, சட்டப்படி நான் செய்தது சரி. விஷயம் இவ்வளவுதான் என்றால் உனக்கு முன்னாலேயே எழுதியிருப்பேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது, ‘பட்டுனு’ என்று ஒரு பெயர் வந்தது என்று வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா, “நம்மவ பசை பேரு மாதிரியே இருக்கே” என்றார்கள். “அது வேற, இது கம்பெனி” என்றேன். அப்படித்தான் சொன்னேன். நீ அடுப்பு வேலைக்கு நடுவே ஏதோ கிண்டி டியூபில் அடைக்கிறாய் என்றுதான் என் மனசில் இருந்தது. ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை.

அதற்கப்புறமும் நாலு மாதம் இருந்தது. பட்டுனு எங்கள் இதழில் வெளியானதிலிருந்து அந்த நாலு மாதத்தில் ஒரு போஸ்ட்கார்டு போட்டிருந்தால் நீ எதிர்ப்புத் தெரிவித்திருப்பாய், இன்று அவர்கள் இருக்கும் இடத்தில் நீ இருந்திருப்பாய். போடவில்லை. சொன்னால் எல்லா வேலையும் என் தலையில் விழும் என்று ஒரு சோம்பல். வேறு பெரிய காரணம் இருந்தால் எழுதியிருப்பேன். இல்லை.

நீ விசாரணைக்கு வந்த நாளில் எனக்கு வெளியூர் வேலை கிடையாது. கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

உன் வக்கீலுக்கு ஒரு பிரமாணப் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். பட்டுனு மனு வருவதற்கு முன்பே உன் சரக்கு அந்தப் பெயரில் விற்றது எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் அதை யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். பயன்படுமா தெரியாது.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

வருஷம் திரும்பி மூன்றாவது மாதமும் வந்துவிட்டது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு எப்படி?

போன மாதம் விசாரணைக்கு வந்தபோது உன்னைப் பார்த்தேன். வராந்தாவில் இரண்டு கையிலும் கட்டுக் கட்டாகக் கோப்பு, சட்டையெல்லாம் தூசி. நான் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீயும் என்னைப் பார்த்தாய் என்று நினைக்கிறேன். ஆய்வாளர் எதற்குக் கட்டுத் தூக்குகிறார் என்று வக்கீலைக் கேட்டேன். பிரமாணப் பத்திரம் கொடுத்த மறுவாரமே உன்னிடம் விளக்கம் கேட்டுப் பழைய கோப்பு அறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். நீ எழுதவில்லை. உன் வாயிலிருந்து எதை வாங்குவதானாலும் இடுக்கி வேண்டும்.

அன்று அம்மாவைப் பார்க்காமலே பஸ் ஏறினேன். அவளிடம் சொல்லாதே.

விசாரணையில் அவர்கள் வக்கீல் உன் பத்திரத்தை இரண்டு விரலில் தூக்கிக் காட்டி, “அக்காவுக்குத் தம்பி சாட்சி, இதுக்கு என்ன மதிப்பு?” என்றார். அதிகாரி, “தனக்கே கெடுதலா ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்கார், அதையும் பாக்கணும்ல” என்றார். வால்வு கடை ஷட்டர் போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. அவர்களுக்கு முன்பே நான் நேர்மையாக விற்றது நிரூபணமாகிவிட்டதாம். ஆனால் என் சான்றெல்லாம் இந்த மாவட்டத்துக் கடைகள்தானாம். அதனால் பெயர் எனக்கு, இந்த மாவட்டத்துக்குள் மட்டும். மாவட்ட எல்லையான ஆற்றுப்பாலம் வரை சட்டுனு என்னுடையது. பாலம் தாண்டி அந்தப் பெயரில் விற்றால் அவர்கள் என்மேல் வழக்குப் போடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினேழு கடைக்குக் கொடுக்கிறேன், ஒருவரிடமும் பில் இல்லை, பாலம் தாண்டிப் போய்க் கையெழுத்து வாங்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. வக்கீல் கைகொடுத்தார், பாதி வெற்றியாம். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது. அந்தப் பதினேழு கடைக்கும் இப்போது லேபிள் ஒட்டாத மொட்டை டியூப் அடைக்கிறோம். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை.

அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

அம்மா நலம். கோப்பு அறையில் வேலை ஒன்றும் கஷ்டமில்லை, தும்மல்தான்.

ஏப்ரல் முதல் வாரம் ஐந்து நாள் விடுப்புப் போட்டிருக்கிறேன். வரட்டுமா? வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் வருவேன்.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீயே படி. அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. முட்டி தேவலையா?

அவன் வந்தான். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முதல் நாள் பட்டறை வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தால் அந்த நெடி தாங்காமல் இருமல். உன் மாப்பிள்ளைதான் கூப்பிட்டுத் துடுப்பைக் கையில் கொடுத்தார். கால் மணி நேரம் கிண்டினான். டிரம்முக்குள் ரப்பர் இறுகி இழுக்கும், தெரியாதவர்களைச் சுற்றி வளைத்துவிடும். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். மறுநாளிலிருந்து டியூப் வால் மடிக்கும் மெஷினில் உட்கார்ந்தான். நான் அவனோடு வேலைக்கு வேண்டியதுதான் பேசினேன். அதை எடு, இதை வை. அவ்வளவுதான்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அன்றைக்குச் சாப்பாட்டில் உனக்கு மட்டும்தான் என் ஞாபகம் வந்தது. வந்ததே, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம். பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாய். போகட்டும்.

நாலாம் நாள் காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெண் வந்தாள். புருஷன் போனபின் அவளேதான் நடத்துகிறாள். நான் உள்ளே ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன், இவன்தான் முன்னால் இருந்தான். “சட்டுனு நாலு பெட்டி குடுங்கண்ணே” என்றாள். இவன் ஏதோ அவசரம் என்று எழுந்து ஓடி, கைக்குக் கிடைத்த மொட்டை டியூப் பெட்டி நாலை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தான். அவள் திறந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள்.

“இது இல்லண்ணே. சட்டுனு.”

“அதான் வேகமாத்தான குடுத்தேன்” என்றான் இவன்.

“அவசரம்னு சொல்லலண்ணே. பேரைச் சொன்னேன். ஏழு வருஷமா அதைத்தான வாங்குறோம்.”

நான் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவன் பெட்டிமேல் கை வைத்தபடி அப்படியே நின்றான். என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கடை எங்கே, எப்போதிருந்து வாங்குகிறாள், வேறு யார் யார் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். மேல்முறையீட்டில் புதுச் சாட்சியை ஏற்றுக்கொள்வார்களா என்பது நிச்சயமில்லை என்று அவளிடமே சொல்லிவிட்டான். அவள் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் வருஷத்தைத் திருத்தச்சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவளோடு சைக்கிளில் ஏறிப் பாலம் தாண்டிப் போனவன், மீதிப் பதினாறு கடையில் பதினொன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பினான். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தாள்களை என் முன்னால் வைத்துவிட்டு நின்றான்.

மன்னிப்பெல்லாம் எனக்கு இன்னும் வரவில்லை அம்மா. ஆனால் அவன் வந்து நாலு நாளில் முதல் தடவையாக, வேலை இல்லாத ஒரு வார்த்தை அவனிடம் பேசினேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். இல்லை என்றான். தட்டு எடுத்து வைத்தேன்.

உன் மகள்